கை தேடும் முறை: பார்வை குறைந்தவர்களுக்கும் வீட்டாருக்கும் ஒரு தொடக்க வழிகாட்டி

பார்வை போன புதிதில், இருபது முப்பது வருஷம் புழங்கிய வீட்டுக்குள்ளேயே எதுவும் கைக்கு அகப்படாது. மேசைமேல் வைத்த மாத்திரை அட்டை வைத்த இடத்தில் இருக்காது. கை நீட்டினால் தண்ணீர் டம்ளர் சாயும். சட்டைப் பையில் இருப்பது நூறா ஐந்நூறா என்று பேரனைக் கேட்க வேண்டியிருக்கும். நாலு தடவை இப்படி ஆனதும் பலர் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். "எனக்கு இன்னாத்துக்கு, நீயே எடுத்துக் குடு" என்பதுதான் பிறகு எதற்கும் பதில். வீட்டாரும் பாசத்தில் எல்லாவற்றையும் கையிலேயே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். கொஞ்ச நாளில் அந்தக் கை தேடுவதையே விட்டுவிடுகிறது.

இந்தக் கட்டுரை அவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும். வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர் என்று பழைய வட ஆர்க்காட்டு வீடுகளில் இருக்கும் சாமான்களை வைத்தே எழுதியிருக்கிறேன். ஒருவர் வாசித்துக் காட்ட, மற்றவர் அங்கேயே செய்து பார்க்கலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்ய வேண்டாம்.

முதலில் தைரியத்துக்கு ஒரு செய்தி. ராபர்ட்டா கிளாட்ஸ்கி, சூசன் லெடர்மன் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இன்னொருவருடன் சேர்ந்து செய்த சோதனை 1985இல் வெளியானது. பார்வை உள்ளவர்களின் கண்ணைக் கட்டி, அன்றாடம் புழங்கும் 100 பொருட்களை ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொல்லச் சொன்னார்கள். எந்தப் பயிற்சியும் இல்லாத அவர்கள் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சரியாகச் சொன்னார்கள். பெரும்பாலானவற்றைச் சொல்ல 5 விநாடிகூட ஆகவில்லை. ஆக, கைக்கு வந்துவிட்ட சீப்பைச் சீப்பு என்று சொல்ல உங்களாலும் இன்றைக்கே முடியும். பழக வேண்டியவை இரண்டு: பொருளைக் கண்டடைவது, ஒன்றுபோலவே இருக்கும் இரண்டைப் பிரிப்பது.

கையைத் தயார் செய்வது

ஈரக்கை, எண்ணெய்க்கை, மாவுக்கை இவற்றோடு எதையும் தொட்டுப் பார்க்க வேண்டாம். துடைத்துக்கொள்ளுங்கள். நகம் நீளமாக இருந்தால் விரல் நுனிக்கு முன்னால் நகம்தான் பொருளில் படும், வெட்டிவிடுங்கள்.

விரல் நுனிதான் கையிலேயே கூர்மையான இடம். 2, 3 மி.மீ. இடைவெளியில் இரண்டு முனைகள் பட்டாலும் அவை இரண்டு என்று அதற்குத் தெரியும். உள்ளங்கைக்கு அதே இரண்டு முனைகள் கிட்டத்தட்ட 1 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். முழங்கைக்குக் கீழே வந்தால் 3, 4 செ.மீ. தேவை. பார்வையற்றவர்கள் விரலால் தடவிப் படிக்கும் பிரெய்ல் எழுத்தின் புள்ளிகள் ஏறக்குறைய 2.5 மி.மீ. இடைவெளியில் அமைந்திருப்பதும் விரல் நுனியின் இந்த அளவுக்குப் பொருந்தித்தான் இருக்கிறது. ஆனால் கூர்மையான இடம் சின்ன இடம். தேடும்போது உள்ளங்கையும் விரல்களின் முழு நீளமும் வேலை செய்யட்டும். பொருள் அகப்பட்ட பிறகு விரல் நுனிக்கு வாருங்கள். புதிதாகப் பழகுபவர்கள் ஒற்றை ஆள்காட்டி விரலை நீட்டிக்கொண்டு மேசை முழுக்கக் குத்திக் குத்தித் தேடுவதைப் பார்க்கிறேன். அதில் டம்ளர்தான் சாயும்.

மேசைமேல் தேடுவது

மேலிருந்து கையை இறக்காதீர்கள். முதலில் மேசையின் விளிம்பைத் தொடுங்கள். அங்கிருந்து, விரல்களை லேசாக உள்ளே மடக்கி, கையின் புறத்தை முன்னால் வைத்து, பலகையை ஒட்டியபடி மெதுவாக நகர்த்துங்கள். கை தாழ்வாக வந்தால் டம்ளரின் அடியில் படும். அடியில் பட்டால் டம்ளர் நகரும், சாயாது. சூடான காபி இருந்தாலும் புறங்கை லேசாகப் பட்டு விலகிவிடும்.

பிறகு வரிசை. உங்களுக்கு அருகில் இடதிலிருந்து வலது, ஒரு கை அகலம் தள்ளி வலதிலிருந்து இடது என்று, நெல் வயலில் ஏர் ஓட்டுகிற மாதிரி போய் வாருங்கள். ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசைமேல் கொஞ்சம் ஏறியிருக்கட்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துழாவினால் தேடிய இடத்தையே திரும்பத் தேடுவோம், தேடாத இடம் தேடாமலே கிடக்கும்.

பெரிய மேசை என்றால் இரண்டு கையும் வேண்டும். ஒரு கை விளிம்பிலேயே நிற்கட்டும். அந்தக் கைதான் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்லும்.

கீழே விழுந்ததை எடுப்பது

அவசரப்பட்டுக் குனிவதுதான் ஆபத்து. மேசை முனையில் நெற்றி இடித்துக்கொண்டவர்கள் நிறைய. இந்த ஒழுங்கில் செய்யுங்கள்.

1. விழுந்த சத்தம் கேட்டதும் அசையாமல் நில்லுங்கள். நாணயம் என்றால் உருண்டு ஓய்வதுவரை காத்திருங்கள். முதலில் விழுந்த சத்தத்தைவிடக் கடைசிச் சத்தம்தான் முக்கியம்.

2. சத்தம் நின்ற பக்கம் முகத்தையும் கால்விரல்களையும் திருப்புங்கள். பக்கத்தில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்கள்.

3. அந்தப் பக்கம் மெதுவாக நடந்து போங்கள். ஒரு கையை முகத்துக்கு முன்னால், ஒரு சாண் தள்ளி, உள்ளங்கை வெளியே பார்க்கும்படி வைத்துக்கொண்டு, முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி உட்காருங்கள். மேசையோ நாற்காலியோ இருந்தால் அந்தக் கைதான் முதலில் படும்.

4. உங்கள் பாதத்தை ஒட்டியே தேடத் தொடங்குங்கள். பாதிப் பொருட்கள் காலடியில்தான் கிடக்கின்றன. அங்கே இல்லையென்றால் வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்குங்கள். கை தரையோடு தட்டையாக இருக்கட்டும்.

5. வட்டம் கைக்கு எட்டாத அளவுக்குப் பெரிதானால், எழுந்து ஓரடி தள்ளி உட்கார்ந்து மறுபடி தொடங்குங்கள்.

கண்ணாடி டம்ளர் உடைந்தால் இது எதுவும் வேண்டாம். செருப்பைப் போட்டுக்கொண்டு அங்கேயே நின்று ஆளைக் கூப்பிடுங்கள். யாரும் இல்லையென்றால், செருப்புக் காலோடு துடைப்பத்தால் சுவர்ப்பக்கம் கூட்டி ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தைத் துணியால் துடையுங்கள். வெறும் கையால் தடவக் கூடாது.

ஒவ்வொரு கேள்விக்கும் ஒவ்வொரு அசைவு

பொருள் கையில் வந்துவிட்டது. இனி அது என்ன? இதே கிளாட்ஸ்கியும் லெடர்மனும் 1987இல் இன்னொன்றைக் காட்டினார்கள். மனிதர்கள் தொட்டு அறியும்போது கை கண்டபடி அலைவதில்லை. தெரிந்துகொள்ள விரும்பும் ஒவ்வொரு குணத்துக்கும் ஒரு தனி அசைவு உண்டு. நாம் பிறந்ததிலிருந்து செய்துகொண்டிருப்பதுதான் இது. கண் முந்திக்கொண்டதால் கவனிக்காமல் விட்டோம். இப்போது கவனித்துச் செய்ய வேண்டும்.

முதலில் பொருளை முழுக்கையால் கவ்விப் பிடியுங்கள். மொத்த அளவும் உருவமும் இதில் தெரிந்துவிடும். பாதிக் கேள்வி இங்கேயே முடிந்துபோகும். அடுத்து, எதிலும் சாய்க்காமல் கையில் ஏந்தி லேசாக மேலும் கீழும் அசையுங்கள். எடை தெரியும், உள்ளே தண்ணீரோ மாத்திரையோ இருந்தால் அதுவும் தெரியும். மேசைமேல் வைத்தபடியே தொட்டால் எடை தெரியாது. இதைப் பலர் செய்வதில்லை. வெறும் பாட்டிலையும் நிறைந்த பாட்டிலையும் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மேற்பரப்பு எப்படி என்று தெரிய, விரலை முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். விரலைச் சும்மா வைத்திருந்தால் நுண்ணிய சொரசொரப்பு தெரியவே தெரியாது. விரல் நகரும்போது தோலில் எழும் அதிர்வைத்தான் நரம்பு படிக்கிறது. ஆரணிப் பட்டையும் பட்டு மாதிரியே நெய்த பாலியஸ்டரையும் பக்கத்தில் வைத்து, ஒருமுறை விரலை அழுத்தி வைத்துப் பாருங்கள், ஒருமுறை லேசாக ஓட்டிப் பாருங்கள். வித்தியாசம் ஓட்டும்போதுதான் பிடிபடும். அழுத்தமும் குறைவாக இருக்க வேண்டும். அழுத்தித் தேய்த்தால் தோல் இழுபட்டு எல்லாம் ஒன்றுபோலாகிவிடும்.

கெட்டியா மெதுவா என்று தெரிய அழுத்துங்கள், அல்லது வளையுங்கள். ஓரம், மூலை, பள்ளம், எழுத்து என்று நுட்பமான வடிவம் தெரிய, ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கை விரலால் ஓரத்தைச் சுற்றி வாருங்கள். இதுதான் ஆக மெதுவான அசைவு. அதனால் கடைசியில் வையுங்கள்.

வெப்பத்துக்கு மட்டும் கை நகராமல் இருக்க வேண்டும். எவர்சில்வர் ஜில்லென்றும் பிளாஸ்டிக் அப்படி இல்லாமலும் தோன்றுவது, உலோகம் விரலின் சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்வதால்தான். இரண்டின் வெப்பநிலையும் ஒன்றாகவே இருக்கும். ஆனால் இந்தச் சோதனை நம் ஊரில் சித்திரை, வைகாசியில் கைவிடும். அக்னி நட்சத்திர மதியத்தில் வேலூர் வீட்டு அறையின் சூடு விரல் தோலின் சூட்டுக்குச் சமமாக வந்துவிடும். அப்போது உலோகத்துக்கு இழுத்துக்கொள்ளச் சூடு இல்லை. எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் ஒன்றுபோலவே படும். அந்த நேரத்தில் நகத்தால் ஒரு தட்டுத் தட்டிச் சத்தத்தைக் கேளுங்கள்.

பழகுவதற்கு ஒரு மஞ்சப்பை போதும். வீட்டார் அதற்குள் பத்துப் பொருள் போட்டுக் கொடுக்கட்டும்: சாவி, ஊக்கு, சீப்பு, கரண்டி, பேனா, பூட்டு, ஒரு எலுமிச்சை, ஒரு வெங்காயம் என்று. ஒவ்வொன்றையும் எடுத்துப் பெயரை மட்டும் சொன்னால் போதாது. எந்த அசைவில் தெரிந்தது என்றும் சொல்ல வேண்டும். "உருட்டும்போது தோல் சரசரன்னுச்சு, வெங்காயம்" என்கிற மாதிரி. இதைச் சொல்லிச் சொல்லிச் செய்தவர்களுக்குத்தான் புதுப் பொருள் வந்தாலும் கை தடுமாறுவதில்லை. பார்வை போனால் விரல் தானாகக் கூர்மையாகிவிடும் என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம். வேலை கொடுக்கக் கொடுக்கத்தான் கூர்மை வரும்.

ஒன்றுபோல் இருப்பவை: சமையற்கட்டு

வட ஆர்க்காட்டு வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு. கடுகும் கேழ்வரகும் கிட்டத்தட்ட ஒரே அளவு, இரண்டும் உருண்டை. வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு மருமகள் மாமியார் முன்னால் இரண்டு கிண்ணத்தை வைத்தாள். அந்த அம்மா இரண்டிலும் விரலை முக்கி எடுத்துவிட்டு, "ரெண்டும் ஒண்ணாத்தான்டீ கீது" என்றார்.

"முக்கிப் பாக்காதீங்க அத்தை. ஒரு சிட்டிகை எடுத்து ரெண்டு விரலுக்கு நடுவுல உருட்டுங்க."

உருட்டினார். முதல் கிண்ணத்தில் எடுத்தது வழுக்கிக்கொண்டு விரலிடுக்கில் ஓடிச் சிந்தியது. இரண்டாவது ஓடவில்லை. லேசாக விரலைப் பிடித்துக்கொண்டு நின்றது. மறுபடி முதலாவதை எடுத்து உருட்டினார், மறுபடி இரண்டாவதை. "இத்தா, இது கேவுரு" என்று இரண்டாவது கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். அவர் அறுபது வருஷம் களி கிண்டியவர். அந்தக் கைக்குத் தெரியாததில்லை. எப்படிக் கேட்பது என்பதுதான் தெரிய வேண்டியிருந்தது.

மற்றவற்றுக்கும் இப்படித்தான். துவரம் பருப்பு தட்டையான, வழவழப்பான வட்டம். கடலைப் பருப்பு அதைவிடப் பெரியது, ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் குவிந்தும் இருக்கும். வெந்தயம் கோணல்மாணலான சின்னக் கட்டி, நகத்தை ஓட்டினால் நடுவில் ஒரு பள்ளம் தட்டுப்படும். சீரகமும் சோம்பும் இரண்டுமே நீளம், இரண்டிலும் வரி. சோம்பு பெரிது என்றாலும் இங்கே விரலைச் சோதிக்க வேண்டிய அவசியமே இல்லை, கசக்கி முகர்ந்தால் ஒரு நொடியில் தெரியும். சர்க்கரை விரலில் குத்தும், தூள் உப்பு குத்தாது. ரவை காய்ந்து லேசாக இருக்கும். மைதாவைப் பிடித்து அழுத்தினால் பிடித்த அச்சு நிற்கும், அரிசி மாவு நறநறவென்று உதிரும். தோல் நீக்கி உடைத்த உளுந்தையும் பாசிப் பருப்பையும் பிரிப்பது நன்றாகப் பழகிய கைக்கும் சிரமம். அதில் போய் நேரத்தை வீணாக்காதீர்கள். டப்பாவில் அடையாளம் வைத்துவிடுங்கள்.

எடையை நம்பும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். ஒரே எடையுள்ள இரண்டு டப்பாவில் சின்ன டப்பாதான் கைக்குக் கனமாகத் தோன்றும். எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆகவே எதில் அதிகம் இருக்கிறது என்று பார்க்க மூடியைத் திறந்து அளந்துவிடுவது நல்லது.

எதையும் நாக்கில் வைத்துக் கண்டுபிடிக்கக் கூடாது. பினாயில், ஆசிட், பிளீச்சிங் பவுடர், எலி மருந்து இவை சமையற்கட்டுக்குள்ளேயே வரக் கூடாது. குளியலறையில் தனி இடம், பாட்டில் கழுத்தில் சணல் கயிற்றுக் கட்டு. இதில் எந்த வீட்டிலும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

அடையாளம் வைப்பது

இதற்கென்று கடையில் விற்கும் ஒட்டுப் புள்ளிகள் உண்டு. ஆனால் கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டு அதே வேலையைச் செய்கிறது, அட்டை சில ரூபாய்தான். அஞ்சறைப் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கிண்ணங்கள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று மனப்பாடமாக இருந்தாலும், பெட்டி வட்டமாக இருப்பதால் ஒவ்வொரு தடவையும் வேறு பக்கமாகத் திரும்பி நிற்கும். வெளிவிளிம்பில், கடுகுக் கிண்ணத்துக்கு நேராக, ஒரு கல் பொட்டை ஒட்டிவிடுங்கள். பெட்டியைக் கீழே வைத்ததும் பொட்டு உங்களுக்கு எதிர்ப்பக்கம் வரும்படி திருப்பிக்கொண்டால் கடுகு எப்போதும் அங்கேதான். அதற்கு வலதில் சீரகம், அடுத்து வெந்தயம் என்று எண்ணிக்கொண்டு போகலாம்.

அடுப்புக் குமிழில் அணைந்த நிலைக்கு ஒரு அடையாளம் போதும். மிக்ஸியிலும் அப்படியே. செல்போனிலும் டிவி ரிமோட்டிலும் பொத்தான்கள் இருந்தால் 5ஆம் எண்ணில் பெரும்பாலும் ஒரு சின்னப் புடைப்பு ஏற்கெனவே இருக்கும். அதிலிருந்து மேலும் கீழும் எண்ணுங்கள். எல்லாவற்றிலும் பொட்டு ஒட்டினால் பொட்டுக்கே அடையாளம் தேட வேண்டிவரும். கைக்குக் குழப்பம் தருகிறவற்றில் மட்டும் வையுங்கள்.

மாத்திரைக்கு ரப்பர் பேண்ட். காலை மாத்திரை டப்பாவுக்கு ஒன்று, ராத்திரி மாத்திரைக்கு இரண்டு. ஆனால் இதைப் பார்வை உள்ளவர் ஒருவர் மருந்துச் சீட்டோடு ஒப்பிட்டுத்தான் போட வேண்டும். அட்டையின் வடிவத்தை வைத்து இதுதான் பிரஷர் மாத்திரை என்று முடிவுகட்டாதீர்கள். அடுத்த மாதம் மருந்துக் கடையில் வேறு கம்பெனி அட்டை கொடுப்பார்கள்.

துணிக்கு ஊக்கு. சட்டைக் காலரின் உள்பக்கம் குத்தும் இடத்தை நிறத்துக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள். பெல்ட், செருப்பு வாங்கும்போது தோலா, தோல் மாதிரியே செய்த ரெக்ஸினா என்ற சந்தேகம் தோல் தொழில் நடக்கும் ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு வராது. மற்றவர்கள் உள்பக்கத்தை வருடிப் பாருங்கள். தோலின் உள்பக்கம் மெல்லிய பஞ்சுபோல் இருக்கும், ரெக்ஸினில் துணியின் நெசவு தட்டுப்படும்.

பணம்

ரூபாய் நோட்டில் பார்வையற்றவர்களுக்கென்றே அடையாளங்கள் உண்டு. இப்போதைய வரிசையில் 100 ரூபாயில் மேடான முக்கோணம், 200இல் ஆங்கில எச் எழுத்தின் வடிவம், 500இல் வட்டம். இரண்டு ஓரங்களிலும் சாய்வான கோடுகள்: 100க்கு நான்கு, 200க்கு நான்கும் நடுவே இரண்டு சின்ன வட்டமும், 500க்கு ஐந்து. 100க்குக் கீழே உள்ள நோட்டுகளில் இவை இல்லை. புது நோட்டில் நன்றாகத் தட்டுப்படும். பஸ்ஸிலும் மார்க்கெட்டிலும் கைமாறிக் கசங்கிய நோட்டில் மேடு தேய்ந்து போயிருக்கும். அதனால் இதை மட்டும் நம்ப முடியாது.

நீளம் தேயாது. 10 ரூபாய் 123 மி.மீ., 20 ரூபாய் 129, 50 ரூபாய் 135, 100 ரூபாய் 142, 200 ரூபாய் 146, 500 ரூபாய் 150. பெரிய நோட்டுகளுக்குள் 4 மி.மீ. வித்தியாசம்தான், வெறும் விரலுக்குப் பிடிபடாது. ஒரு கெட்டி அட்டையைச் சரியாக 150 மி.மீ. நீளத்துக்கு வெட்டி, ஒரு நுனியிலிருந்து அளந்து மற்ற ஐந்து நீளங்களிலும் ஓரத்தில் சின்ன வெட்டுப் போடச் சொல்லுங்கள். நோட்டை அந்த நுனியோடு ஒட்டி விரித்து, மறு முனை எந்த வெட்டில் நிற்கிறது என்று நகத்தால் பாருங்கள். பழைய வரிசை 100 ரூபாய் நோட்டு இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அது 157 மி.மீ. நீளம், அகலமும் அதிகம், அட்டையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும்.

நோட்டு ஒருமுறை தெரிந்ததும் அதை மடித்துவையுங்கள். 100ஐ மடிக்காமல், 200ஐ குறுக்கே ஒரு மடிப்பு, 500ஐ இரண்டு மடிப்பு என்று உங்களுக்கு ஒரு வழக்கம் வேண்டும். வழக்கத்தை ஒருபோதும் மாற்றாதீர்கள். தொடுதிரை செல்போன் இருந்தால், ரிசர்வ் வங்கி 2020இல் வெளியிட்ட மணி என்ற செயலி நோட்டின் மதிப்பைக் குரலில் சொல்லும். இணையம் இல்லாமலும் வேலை செய்யும்.

நாணயத்தில்தான் ஏமாற்றம் அதிகம். 20 ரூபாய்க்குப் பன்னிரண்டு பக்கம், சந்தேகமே வராது. 10 ரூபாயில் இரண்டு உலோகம் சேரும் வளையம் நகத்துக்குத் தட்டுப்படும். சிக்கல் 2க்கும் 5க்கும். 2011 வரிசையில் 2 ரூபாய் 25 மி.மீ., 5 ரூபாய் 23 மி.மீ.; மதிப்புக் குறைந்தது பெரிதாக இருந்தது. 2019இல் வந்த வரிசையை, மதிப்பு கூடக் கூட அளவும் எடையும் கூடும்படி பார்வையற்றவர்களை மனத்தில் வைத்தே செய்தார்கள். அதில் 2 ரூபாய் 23 மி.மீ., 5 ரூபாய் 25 மி.மீ. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இரண்டு வரிசையும் ஒரே பையில் கிடக்கின்றன. 25 மி.மீ. நாணயம் கைக்கு வந்தால் ஏந்திப் பாருங்கள். பழைய 2 ரூபாய் 5 கிராமுக்கும் குறைவு, புது 5 ரூபாய் ஏறக்குறைய 7 கிராம். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பழகினால் இந்த வித்தியாசம் கைக்குத் தெரியும்.

இலையும் தட்டும்

தட்டில் எது எங்கே என்று சொல்ல, கடிகாரத்தின் மணியைச் சொல்வது உலகம் முழுக்க உள்ள முறை. "மூணு மணிக்குச் சட்னி" என்றால் வலது ஓரம். இளவயதுக்காரர்களுக்கு இது நன்றாகப் பிடிக்கிறது. நம் பெரியவர்களுக்கு வாழை இலை இன்னும் வசதி. நுனி இடது பக்கம், நடு நரம்புக்கு மேலே கறி கூட்டு வகை, இடது மேல் ஓரத்தில் உப்பும் ஊறுகாயும், நரம்புக்குக் கீழே சோறு. இது அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வரைபடம், நடு நரம்பு கைக்குத் தெளிவாகத் தட்டுப்படும் எல்லைக்கோடு. தட்டில் பரிமாறும்போதும் அதே ஒழுங்கில் வையுங்கள். புதிதாக எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

வீட்டாருக்கு

எடுத்ததை எடுத்த இடத்தில் வையுங்கள். இதைவிடப் பெரிய உதவி இல்லை. கதவை முழுக்கத் திறந்து வையுங்கள் அல்லது முழுக்கச் சாத்துங்கள். பாதி திறந்த கதவின் விளிம்பு நேராக முகத்தில் இடிக்கும்.

"அதோ அங்கதாம்பா கீது" என்பதால் பயனில்லை. "உன் வலது கைப்பக்கம், ஒரு முழம் தள்ளி, டம்ளருக்குப் பின்னால" என்று சொல்லுங்கள்.

ஒரு பொருளைக் காட்ட அவர் கையைப் பிடித்து இழுத்து அதன்மேல் அழுத்தாதீர்கள். கண் தெரியாதவருக்குக் கைதான் பார்வை, அதைப் பிடித்து இழுத்தால் பதறிப்போவார். உங்கள் கையைப் பொருளின்மேல் வைத்து, அவர் கை உங்கள் கைமேல் வரும்படி செய்யுங்கள். பிறகு உங்கள் கையை மெல்ல விலக்கிக்கொள்ளுங்கள். அவர் கை தானாகப் பொருளைப் போய்ச் சேரும். பயப்படும் குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் இந்த முறைதான் பொருந்துகிறது.

அவர் தேடும்போது நடுவில் எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது கஷ்டம்தான். கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

விரல் மரத்திருந்தால்

நீண்ட நாள் சர்க்கரை நோயால் பார்வை குறைந்தவர்களுக்கு விரல் நுனியும் மரத்திருக்கலாம். பெரும்பாலும் பாதத்தில் தொடங்கி, பிறகு கைக்கு வரும். தொடுபழக்கத்தைத் தொடங்கும் முன் இதைப் பார்த்துவிடுங்கள். கண்ணை மூடச் சொல்லி, சின்னப் பஞ்சால் ஒவ்வொரு விரல் நுனியையும் லேசாகத் தொட்டு, தெரிகிறதா என்று கேளுங்கள். தெரியாத விரல் இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அங்கே, குறிப்பிட்ட அழுத்தத்தில் வளையும் நைலான் இழைகளை வைத்து எவ்வளவு உணர்வு இருக்கிறது என்று அளப்பார்கள்.

உணர்வில்லாத கைக்கு என்ன ஆபத்து என்பதை உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்ததில் வேலூருக்குப் பெரிய பங்கு உண்டு. கொல்லிமலையில் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) வந்தார். தொழுநோயாளிகளின் விரல் நோயால் அழுகி விழுவதாகத்தான் அதுவரை பலரும் நம்பினார்கள். வலி தெரியாததால் சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும், புண்ணோடு வேலை செய்துகொண்டும் இருப்பதால்தான் விரல் போகிறது என்று அவரும் உடன் உழைத்தவர்களும் காட்டினார்கள். வேலூருக்கு அருகே கரிகிரியில் 1955இல் தொடங்கிய தொழுநோய் மருத்துவமனையிலும் மரத்த கையைக் காப்பதைப் பாடமாகவே சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பாடம் சர்க்கரைக்காரர் கைக்கும் அப்படியே பொருந்தும். சூடான பாத்திரத்தைத் துணியில்லாமல் தொடாதீர்கள். குளிக்கும் தண்ணீரின் சூட்டை விரலால் பார்க்காமல், உணர்வு நன்றாக இருக்கும் முழங்கையால் பாருங்கள். ராத்திரி ஒருமுறை, பார்வை உள்ளவர் ஒருவர் இரண்டு கைகளையும் பார்த்து, கொப்புளமோ கீறலோ இருக்கிறதா என்று சொல்லட்டும். பொருளை அறிய, உணர்வுள்ள விரல் எது என்று கண்டுபிடித்து அதையே பழக்குங்கள். ஆள்காட்டி விரல்தான் என்று கட்டாயமில்லை. மரத்த கையாலும் எடை தெரியும், தட்டினால் சத்தம் கேட்கும்.

கடைசியாக, மார்க்கெட்

வீட்டுக்குள் தேறியதும் வெளியே கூட்டிப்போங்கள். வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்குக் காலையில் சீக்கிரம் போனால் நெரிசல் குறைவு. காய்க்காரரிடம் முன்கூட்டியே, "தொட்டுப் பார்த்துத்தான் எடுப்பாரு" என்று சொல்லிவிட்டால் ஒதுங்கி இடம் கொடுப்பார்.

வேலூர் முள்ளுக் கத்திரிக்காயை அடிப்பக்கத்திலிருந்து பிடியுங்கள். முள் காம்பிலும் அதன் குல்லாயிலும் இருக்கும். கட்டைவிரலால் தோலை வருடினால் பிஞ்சு வழவழவென்று இறுக்கமாக இருக்கும், வாடியது சுருங்கித் தளர்ந்திருக்கும். அளவுக்குத் தகுந்த கனம் இல்லாதது பழசு. வெண்டைக்காய் நுனியை ஒடிப்பதைவிட, விரலுக்கு நடுவில் லேசாக வளைத்துப் பாருங்கள், கடைக்காரருக்கும் நஷ்டம் இல்லை. தக்காளியை விரல் நுனியால் குத்தாமல் உள்ளங்கையில் ஏந்தி அழுத்துங்கள். தேங்காயைக் காதோரம் ஆட்டித் தண்ணீரைக் கேளுங்கள்.

பணத்தை வீட்டிலேயே மடித்து, நோட்டு ஒரு பையிலும் சில்லறை ஒரு பையிலுமாக வைத்துக்கொண்டு போங்கள். கொடுக்கும்போது "இந்தாங்க, இருநூறு" என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். மீதி வாங்கியதும் நடக்கத் தொடங்காதீர்கள். கடை ஓரமாக நின்று, நோட்டை மடிக்க வேண்டிய விதத்தில் மடித்து, சில்லறையை உள்ளங்கையில் ஒவ்வொன்றாக ஒதுக்கி எண்ணி, கணக்கு சரியாக இருந்தால் பைக்குள் போட்டுவிட்டு, அதன் பிறகு கோலை எடுங்கள்.